கடல் இல்லாத ஊரில் செய்த தகடு

இரண்டாவது தகடும் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதன் மேல் யாரோ வெள்ளைப் பெயிண்டால் தமிழில் எழுதியிருந்தார்கள்.

கிரேன் அதைத் திறந்த வேகனிலிருந்து தூக்கிப் பாய்லர் ஷாப் வாசலில் இறக்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் நான் அப்போது மேஸ்திரி. தகடு வளைப்பதும் ரிவிட் அடிப்பதும் எங்கள் கும்பலின் வேலை. மற்றவர்கள் தெலுங்கர்களும் உருது பேசுகிற உள்ளூர்க்காரர்களும். தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் தெளிவாகவே இருந்தது: "இதைச் செஞ்சவன் கை வெளங்காமப் போக."

என்னோடு பல வருஷம் ரிவிட் அடித்த பாய் ஒருவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"க்யா லிக்கே, மேஸ்திரி? உங்க பாஷைதானே?"

"பத்திரமா இறக்கணும்னு எழுதியிருக்கு" என்றேன்.

"ஹவ், ஹவ், சரிதான்" என்றார் அவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. ஒரு கந்தையில் மண்ணெண்ணெய் நனைத்து வந்து அந்த எழுத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. போகவில்லை.

அந்தச் சித்திரையில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் ஒன்று தீப்பிடித்து வெடித்திருந்தது. யுத்த காலம். பத்திரிகைகளில் முதலில் ஒன்றும் வரவில்லை. பம்பாய் வண்டியில் வந்து இறங்கியவர்கள் பிளாட்பாரத்தில் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் மூழ்கிவிட்டன என்றார்கள், பஞ்சு மூட்டைகள் எரிந்துகொண்டே வானத்திலிருந்து விழுந்தன என்றார்கள். அப்புறம் ஒரு நாள் எங்கள் பட்டறைக்கே அந்த வேலை வந்தது. பம்பாய்ப் பட்டறைகளுக்குத் தலைக்கு மேல் வேலை, அதனால் நமக்கும் கொஞ்சம் அனுப்புகிறார்கள் என்று போர்மேன் சொன்னார். எந்தக் கப்பல், யாருடைய கப்பல் என்று கேட்கக் கூடாது, வெளியே பேசவும் கூடாது என்றார்.

வேலை என்னவோ புரிந்துகொள்ளச் சுலபமானதுதான். மூழ்கிய கப்பல் ஒன்றின் பக்கவாட்டில் ஓட்டை. ஓட்டையை அடைத்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைக்க முடியும். இறைத்தால்தான் கப்பல் எழும்பும். ஆனால் அந்த ஓட்டை, கப்பலின் வயிறு அடிப்பக்கமாக வளைந்து திரும்புகிற இடத்தில் விழுந்திருந்தது. தட்டையான தகடு அங்கே உட்காராது. அதனால் டைவர் ஒருவர் தண்ணீருக்கடியில் இறங்கி, ஓட்டையின் ஓரத்தோடு, மரத்தில் அறுத்த மெல்லிய பட்டைகளை வளைத்து ஆணியடித்து ஒரு மாதிரிச் சட்டம் செய்வார். அந்தச் சட்டம் ரயிலில் எங்களுக்கு வரும். அதே வளைவில் நாங்கள் தகடு செய்து அனுப்ப வேண்டும். ஓரத்தில் சணல் அடைத்த கான்வாஸ் மெத்தை சுற்றி, கொக்கி போல்ட்டுகள் போட்டு, டைவர் அதைக் கப்பலோடு இறுக்குவார்.

கடலையே பார்த்திராத ஆட்கள் எங்களில் பாதிப் பேர். ஹுசைன் சாகர் ஏரிதான் அவர்கள் பார்த்த பெரிய தண்ணீர். ஆனாலும் முதல் தகட்டை நாங்கள் ஆசையாகச் செய்தோம். வேகனில் ஏற்ற முடியாத அகலம் என்பதால் இரண்டு பாதியாகச் செய்து, நடுவில் சேர்க்கத் துளை போட்டோம். சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கத்தி நுழைய இடமில்லை. போர்மேன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். ஒரு வாரத்தில் தந்தி வந்தது. பொருந்தவில்லை, மறுபடி செய்யவும், வேறு சட்டம் அனுப்புகிறோம்.

எந்தப் பக்கம் பொருந்தவில்லை, எவ்வளவு இடைவெளி, ஒன்றும் இல்லை. போர்மேனிடம் கேட்டேன். அவர் ஆங்கிலோ-இந்தியர், பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர், எரிச்சல் வந்தால் தமிழில்தான் பேசுவார்.

"நானும் கேட்டேன்யா. கேக்கக் கூடாதாம். தந்தியில அளவு எழுதக் கூடாதாம். எவனோ எதிரி படிச்சிடுவானாம்."

"ஓட்டையோட அளவு எதிரிக்குத் தெரியாதா சார்? நமக்குத்தான் தெரியணும்."

"எங்கிட்ட ஏன்யா கத்தற? போய் வேலையைப் பாரு."

இரண்டாவது சட்டம் வந்தது. இரண்டாவது தகடும் செய்தோம். அதற்குத்தான் அந்த ஆசீர்வாதம்.

நான் நேரே போர்மேனின் அறைக்குப் போனேன். இந்த வேலையை இனி நான் தொட மாட்டேன், இல்லாவிட்டால் என்னை அங்கே அனுப்புங்கள், அந்த ஓட்டையை என் கண்ணால் பார்க்கிறேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பம்பாயிலிருந்தும் ஆள் அனுப்பச் சொல்லித் தகவல் வந்திருந்ததாம்.

"நாளான்னிக்கு வண்டி. பாஸ் ரெடி பண்றேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளை மறுநாள் நானும் மனைவியும் மகளும் ஜோலார்பேட்டைக்குக் கிளம்ப வேண்டியவர்கள். மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். மாதக் கணக்காக லீவு கேட்டுக் கேட்டு, இந்தத் தகட்டு வேலையால் இரண்டு தடவை மறுக்கப்பட்டு, கடைசியில் வாயால் மட்டும் சரி என்று சொல்லியிருந்தார்கள்.

"சார், என் மச்சினி கல்யாணம்."

"நீதானேய்யா அனுப்பு அனுப்புன்னு வந்து நின்ன?"



மெட்டுகூடா குவார்ட்டர்ஸுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். அந்த மாதம் ரேஷனில் அரிசி பாதி, சோளம் பாதி. மனைவி சோள மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வெச்சிக்கினு உக்காந்திருக்கீங்க?"

"கப்பல்தான் கவுந்துபோச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெளியே பேசக் கூடாது என்பதையும் சொன்னேன். அவள் சலிப்பதை நிறுத்தவில்லை. சல்லடை மட்டும் வேகமாக ஆடியது.

"மூத்த மாப்பிள்ளை இல்லாம மாப்பிள்ளை அழைப்பா? எங்கப்பாவுக்கு நான் என்னான்னு சொல்ல?"

"வேலைன்னு சொல்லு."

"எல்லாருக்குந்தான் வேலை இருக்குது. என்னா வேலைன்னு கேப்பாரு."

"அதைச் சொல்லக் கூடாது."

"அப்ப நான் அங்க வாயைத் தெச்சிக்கினு நிக்கணும்."

அவள் மதராஸ் வண்டியில் ஏறினாள். நான் அன்றைக்கே பம்பாய் வண்டியில். ஜன்னல் ஓரத்தில் நின்று என்னென்னவோ சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல், ஏற்கெனவே வாரிப் பின்னியிருந்த மகளின் தலையை அவிழ்த்து மறுபடி வாரிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மரச்சட்டத்தை நான் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டியில் அதற்கு இடம் வாங்குவதற்கே ஒரு சண்டை. நான் செய்தது இந்தச் சட்டத்துக்குத்தான், என் மேல் தப்பு இல்லை என்று யாரிடமாவது காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு.

துறைமுகத்தை நான் மனசில் வேறு மாதிரி வைத்திருந்தேன். பெரிய கடல், அலை, காற்று. அங்கே இருந்தது கல் கட்டிய ஒரு குளம்தான், எங்கள் ஹுசைன் சாகரை விடச் சிறியது. தண்ணீர் கழனித் தொட்டி நிறத்தில் இருந்தது. எண்ணெய், கருகிய பஞ்சு, ஊறி வீங்கிய தானியம் எல்லாம் சேர்ந்து நாறியது. சுற்றிலும் கூரை பறந்துபோன கிடங்குகள். தண்ணீருக்கு வெளியே ஒரு புகைபோக்கியும் இரண்டு பாய்மரக் கம்பங்களும் சாய்ந்து நின்றன. அவ்வளவுதான் கப்பல். நான் தகடு செய்த ஓட்டை எங்கோ அந்த அழுக்குக்கு அடியில் இருந்தது. கண்ணால் பார்க்கிறேன் என்று போர்மேனிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவனுக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

ஒரு தட்டைப் படகில் டைவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பித்தளைத் தலைக்கவசம் பக்கத்தில் இருந்தது. ரப்பர் உடுப்பின் மேல்பாதியை இறக்கி இடுப்பில் மடித்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் சாப்பாட்டுத் தூக்கில் இருந்தது குழம்புச் சோறு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது, இவர்தான்.

"தகட்டு மேல எழுதினது நீங்கதானா?" என்றேன் தமிழில்.

அவர் கை வாயருகே நின்றது. "நீரு யாருவே?"

"கை வெளங்காமப் போக வேண்டியவன்."

அவர் வெட்கப்படுவார் என்று நினைத்திருந்தேன். தூக்கை மூடிவிட்டு எழுந்து நின்றார். தூத்துக்குடிக்காரர். முத்துக்குளிக்கிற குடும்பமாம், பம்பாய்க்கு வந்து வருஷக்கணக்காகிறதாம். இதையெல்லாம் அப்புறம்தான் சொன்னார். அப்போது சொன்னது வேறு.

"அந்தத் தகட்டைப் பிடிச்சிக்கிட்டு ஒரு பகல் முழுக்க அடியில கெடந்தேன். ஒரு பக்கம் அண்டுனா மறுபக்கம் வாயைத் தொறக்கு. எடைவெளியில என் முழங்கையே போகுது. மேல வந்தா தொரை என்னைய ஏசுதான். நான் யாரை ஏச?"

"நீங்க குடுத்த சட்டத்துக்கு அது ரவையும் பிசகாம உக்காந்துது. இதோ இருக்கு உங்க சட்டம். சட்டம் தப்புன்னா தகடு எப்படிச் சரியா வரும்?"

"என் சட்டமா தப்பு? கீழ எனக்குக் கண்ணு கிடையாது, தெரியுமா வே? விளக்கு கொண்டுபோனாலும் சகதிதான் தெரியும். கைதான் கண்ணு. ஓட்டை ஓரம் பூராவும் கத்தி மாதிரி கிழிஞ்சு நிக்கி. அதுல தடவித் தடவி எடுத்த அளவு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கை முழுக்கக் கீறல்கள். உப்புத் தண்ணீரில் ஊறி ஆறாத புண்கள்.

படகிலிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் சட்டத்தை அவர் முன்னால் கொண்டு வந்து போட்டேன். அவர் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திவிட்டு மண்டியிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பட்டையின் மேல் கையை ஓட்டினார். மேல் பக்கத்திலிருந்து வளைவு வரைக்கும் போன கை அங்கே நின்று திரும்பிப் போனது.

"இது நான் குடுத்த வளைவு இல்ல."

"உங்க ஆணி, உங்க பட்டை."

"ஆணி என்னதுதான். வளைவு என்னது இல்ல. இது நிமிந்துட்டு. நான் குடுக்கும்போது சொதசொதன்னு நனைஞ்ச பட்டை. இப்ப எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு."

ஆணிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் துளையும் ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டிருந்தது. பட்டறையில் அதே சட்டத்தை நாள்கணக்காகக் கையாண்ட என் கண்ணுக்கு அது படவே இல்லை.

வழியில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும், ஏன் தாமதம் என்று சரக்கு ஆபீஸில் அப்போதே விசாரித்திருந்தேன். நிஜாம் ராஜ்யத்துக்குள் நுழைகிற ஒரு ஜங்ஷனில் சுங்கச் சாவடி உண்டு. சரக்குச் சீட்டில், ரகசியம் என்பதால், 'மரச் சட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அது கட்டட மரமா, மேஜை நாற்காலி வகையா, எதில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் வைகாசி வெயிலில் தண்டவாள ஓரத்தில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு சட்டங்களும் தாமதமாகத்தான் எங்களுக்கு வந்தன. அப்போது நாங்கள் தாமதத்தைத் திட்டினோமே தவிர, வெயிலை நினைக்கவில்லை.

நான் இதைச் சொன்னதும் அவர் சட்டத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். இவ்வளவு நாள் சேர்த்து வைத்த கோபத்தை இறக்கி வைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வெயிலைத் திட்டுவதா, சீட்டு எழுதினவனையா, படித்தவனையா?

"சோறு தின்னீரா?" என்றார் அவர் கடைசியில்.

இரும்புப் பட்டையில் சட்டம் செய்யலாம் என்று முடிவாயிற்று. வேலையைக் கவனித்த துரையிடம் சொன்னோம். "ஓ, அப்படியா, செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட்டார். அவருக்கு இந்த மாதிரி எத்தனையோ ஓட்டைகள்.

மறுநாள் படகிலேயே ஒரு சின்ன உலை மூட்டினோம். நான் பட்டையைக் காய்ச்சி வளைத்துக் கொடுப்பேன். ஆறியதும் அவர் அதைக் கயிற்றில் கட்டிக்கொண்டு இறங்குவார். தண்ணீரில் குமிழி மட்டும் வரும். காற்றுப் பம்பைச் சுற்றுகிறவர்கள் நிறுத்தாமல் சுற்றுவார்கள். நான் குமிழியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேலே வந்ததும் கவசத்தின் முன்கண்ணாடியைத் திறப்பார்கள். முகம் வெளிறியிருக்கும்.

"கீழ்ப் பக்கம் இன்னும் ரெண்டு வெரக்கடை உள்ள போகணும்."

மறுபடி காய்ச்சுவேன். மறுபடி இறங்குவார். ஒரு தடவை வந்து, "முன்னால இருந்ததே சரியா இருந்துதுவே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலைத் தண்ணீரில் எறிந்திருப்பேன். அந்தப் படகில் இருந்தது அந்த ஒரு சுத்தியல்தான். பொழுது சாய்கிற நேரத்தில் மேலே வந்தவர் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார். மேற்கே மழை மேகம் திரண்டு நின்றது. அந்த நேரம் ஜோலார்பேட்டையில் மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது அதே ஜங்ஷனில் சுங்கக்காரர் ஒருவர் கார்டு பெட்டியில் ஏறி அந்த இரும்புச் சட்டத்தை உதைத்துப் பார்த்தார்.

"யே க்யா ஹை?"

உண்மையைச் சொல்லக் கூடாது. சீட்டிலும் ஒன்றும் இல்லை. "பலங்" என்றேன். கட்டில்.

"இத்னா டேடா பலங்?"

இவ்வளவு கோணல் கட்டிலா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மாமனார் வீட்டில் கொடுத்தது, என்ன செய்வது என்றேன் உருதுவில். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டு சட்டங்களை வெயிலில் போட்டு வைத்த இடத்தில், மூன்றாவது ஒரு பொய்யால் நிமிஷத்தில் தப்பியது. அந்தப் பொய்யை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருப்பேன்.

மூன்றாவது தகட்டைச் செய்தோம். ஆசையெல்லாம் போய்விட்டிருந்தது. பாய் ஒவ்வொரு ரிவிட்டுக்கும் எதையோ முணுமுணுத்தபடி அடித்தார். என்ன என்று கேட்டதற்கு, "கைக்கு பூச்தே? ஏன் கேக்கறே? திரும்பி வராதேன்னு சொல்லி அடிக்கிறேன்" என்றார். கூடப் போகிறேன் என்று போர்மேனிடம் கேட்டேன். இந்தத் தடவை பாஸ் கிடையாது என்றார்.

அப்புறம் எந்தத் தகவலும் இல்லை. தந்தி வரவில்லை, தகடும் திரும்பி வரவில்லை. பொருந்தியதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. தினம் போர்மேனின் அறை வாசலில் போய் நின்றேன். கடைசியில் என் தலையைப் பார்த்தாலே அவர் கதவைச் சாத்த ஆரம்பித்தார். ஆனி பாதி கழிந்த பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"உக்காந்துடுச்சுய்யா. பம்பு வெச்சு இறைச்சாங்களாம். கப்பல் மேல வந்துடுச்சாம்."

"இப்ப எங்க சார் நிக்குது? ரிப்பேருக்கு விட்டிருக்காங்களா?"

அவர் பேனாவை மூடினார். "வெளிக்கடலுக்கு இழுத்துட்டுப் போயி ஆழத்துல முக்கிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. அவருக்குத் தமிழ் சரியாக வரவில்லையோ என்று நினைத்தேன். "முக்கிட்டாங்களா?"

"முதுகெலும்பு உடைஞ்ச கப்பல்யா அது. ஒண்ணுத்துக்கும் ஆவாது. அவங்களுக்குக் கப்பல் வேணாம், இடம்தான் வேணும். அந்த இடத்துல இப்ப வேற கப்பல் வந்து தானியம் இறக்குதாம்."

"அதை நம்மகிட்ட முதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

"சொல்லியிருந்தா? தகட்டைக் கோணலா செஞ்சிருப்பியா?"

செய்திருக்க மாட்டேன்தான். ஆனாலும் அது பதில் இல்லை. நாங்கள் மூன்று தடவை செய்ததும், அந்த மனிதர் கை கிழியத் தடவியதும் ஒரு கப்பலைக் காப்பாற்ற என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தகடும் அதோடேயே போய்விட்டது.

மனைவி ஊரிலிருந்து வந்து சில நாள் ஆகியிருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வாசல்ல மாடு செத்துக் கெடந்தா தூக்கிப் போடறாங்க. அது எழுந்து பால் கறக்கும்னா தூக்கறாங்க? வழி அடைச்சிக்கினு கெடக்குது, தூக்கறாங்க."

"அதுக்கு மூணு தடவை தகடு செய்யணுமா?"

"எங்க தங்கச்சிக்கு ஒரு தடவைதான் கல்யாணம்" என்றாள்.

ஆடியில் எனக்கு லீவு கிடைத்தது. ஊரில் எந்த நல்ல காரியமும் நடக்காத மாதம். எழுதிக் கொடுக்காமலேயே போர்மேன் கூப்பிட்டு, போய்விட்டு வா என்றார். மூன்று பேரும் ஜோலார்பேட்டைக்குப் போனோம். ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த மச்சினி, கழுத்தில் மஞ்சள் காயாத தாலியோடு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். மாமனார் எஞ்சினில் பயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே வேலையைப் பற்றி அவரிடம் சமாளிக்க முடியாது. முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது கேட்டார்.

"ஏன் மாப்ளே, கல்யாணத்துக்குக்கூட வர முடியாம அப்டி என்னா வேலை அங்க?"

"ஒரு தகடு செஞ்சோம் மாமா."

"தகடா?"

"ஆமா. மூணு தடவை செய்ய வேண்டியதாப் போச்சு."

"மூணு தடவை செஞ்சும் பலிக்கலியா? யார் அந்த மந்திரவாதி?" என்றார் அவர். மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவி எனக்கு எதிரே சுவரோரமாக உட்கார்ந்து மகளுக்கு மோர்ச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஓட்டை, டைவர், வெயில், வெளிக்கடல், எல்லாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த உருண்டையைப் பிடித்தாள். யாரிடமும் பேசக் கூடாது என்று நான் சொன்னதை அவ்வளவு ஒழுங்காக அவள் காப்பாற்றியதும் அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.